குளத்தில் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு எதைப் பழக்குவது?

வன்னியில், மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களாம், பாதிப்பேர் ஏ.எல். முடித்துவிட்டு இருப்பவர்கள், மற்றவர்களுக்கு வயலும் குளத்து மீன்பிடியும். வவுனிக்குளத்திலும் சுற்றியுள்ள சின்னக் குளங்களிலும் இருக்கிற பறவை, முதலை, நீர்நாய் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு மாதாமாதம் எழுதி வைக்க ஆசை. எத்தனை நாள் பயிற்சி, எந்தப் புத்தகம், எந்தப் பைனாகுலர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி போட்டிருக்கிறார்: "நாங்கள் யாரும் இதைப் படித்தவர்கள் இல்லை, நாங்கள் எழுதிக் கொடுத்தால் யாராவது நம்புவார்களா?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நான் வன்னிக் குளங்களிலும் கடல்நீரேரிகளிலும் பல வருடமாக நீர்ப்பறவை எண்ணுகிறவன், இடைக்கிடை இப்படியான குழுக்களுக்குப் பழக்கியும் இருக்கிறேன். என் பக்கம் பறவை. பாலூட்டி, ஊர்வன பற்றி ஓரளவு சொல்வேன். தவளை, தும்பி, மீன் என்று வந்தால் நான் பழக்கக்கூடிய ஆள் இல்லை, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். சரி, பதில்: நம்புவார்கள். ஆனால் உங்களுக்கு நிறையப் பறவைப் பெயர் தெரியும் என்பதற்காக ஒருவரும் நம்ப மாட்டார்கள். போன மாதம் எந்த இடத்தில் நின்று, எத்தனை மணிக்கு, எப்படி எண்ணினீர்களோ அதே மாதிரி இந்த மாதமும் எண்ணியிருக்கிறீர்கள் என்று கொப்பியைப் புரட்டியவுடன் தெரிந்தால் நம்புவார்கள். அடையாளம் காண்பது ஒரு பழக்கம், கண்காணிப்பது வேறொரு பழக்கம். முன்னது ஆசை இருந்தால் வந்துவிடும். பின்னது அலுப்பான வேலை, மழை பெய்தாலும் போக வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டும். பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முன்னதைத்தான் பழக்குவார்கள், ப்ரொஜெக்டரில் வண்ணப் படம் போட அதுதான் தோது.

படிக்காதவர்கள் எடுத்த கணக்கு என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் ஒன்று சொல்லுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று 1987 இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது, பாகிஸ்தானில் இருந்து ஜப்பான், அவுஸ்திரேலியா வரைக்கும், நம் நாட்டிலும். வெட்லேண்ட்ஸ் இன்டர்நாஷனல் என்ற அமைப்பு அதை ஒருங்கிணைக்கிறது, ஆனால் குளக்கட்டில் நின்று எண்ணுகிறவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள்தான். ஓர் ஈரநிலத்தில் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகள் கூடுகின்றன, அல்லது ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 வீதம் அங்கே தங்குகிறது என்று காட்டினால் அது ராம்சார் பட்டியலுக்கு, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலுக்கு, தகுதி பெறும். நமக்குப் பக்கத்தில் மன்னார் வங்காலை 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் தலமானது. 20,000 என்ற எண்ணை வானத்தில் இருந்து யாரும் இறக்கித் தருவதில்லை, யாரோ சேற்றில் நின்று எண்ணியிருக்க வேண்டும். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி 2020 இல் வந்ததும், பிறகு இன்னும் காற்றாலை வேண்டுமா என்ற வாதம் சூடு பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த வாதத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி எந்த மாதத்தில், எத்தனை பறவை, எந்த வழியாகப் போகிறது என்பதுதான். அப்படி ஒரு கேள்வி நாளைக்கு உங்கள் குளத்துக்கும் வரலாம், வருகிற அன்றைக்கு எண்ணத் தொடங்கினால் நேரம் கடந்துவிடும்.

ஆகவே முதல் வகுப்பில் பறவைப் படம் காட்ட வேண்டாம். ஒரு சுளகில் ஒரு பிடி உளுந்தைச் சிதறவிட்டு, ஐந்து விநாடி காட்டி மூடுங்கள். எல்லோரும் எத்தனை என்று எழுதட்டும், ஒருவர் கொப்பியை ஒருவர் பார்க்கக் கூடாது. பிறகு இருந்து எண்ணுங்கள். முப்பது நாற்பது என்றால் ஓரளவு சரியாக வரும். முந்நூறு நானூறு தாண்டினால் அநேகமாக எல்லோரும் குறைத்துத்தான் எழுதியிருப்பார்கள், மனிதக் கண்ணின் சுபாவம் அது, கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் குறைத்து மதிப்பிடும். இதற்கு மருந்து, முதலில் பத்தைச் சரியாக எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்து, அந்த அளவை அப்படியே கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்திக்கொண்டு போவது. கூட்டம் ஆயிரத்தைத் தாண்டினால் பத்துக்குப் பதிலாக நூறை அளவாக எடுக்கலாம். கூட்டம் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் இருக்கும், ஒரே அளவை இரண்டு இடத்துக்கும் போட்டால் பிழைக்கும், அதையும் உளுந்தை ஒரு பக்கம் குவித்துக் காட்டினால் விளங்கும். ஒரு கிழமை இதைச் செய்தவர்கள் குளக்கட்டில் சீழ்க்கைத் தாரா கூட்டம் ஒன்று எழும்பும்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்க மாட்டார்கள், கை தானாக எழுதும்.

இரண்டாவது, இடம். குளக்கட்டில் நீட்டுக்கு நடந்து கண்ட இடத்தில் நின்று எண்ணுவதை விட்டுவிட்டு, மூன்று அல்லது நான்கு இடத்தை ஒருமுறை தெரிவு செய்து வருடக்கணக்காக அதையே வைத்திருங்கள். துருசுக்கு (தண்ணீர் திறந்துவிடுகிற மதகுக்கு) பக்கம் ஒன்று, மிச்சத் தண்ணீர் வழிகிற வான் பாயும் இடத்தில் ஒன்று, அலைகரைப் பக்கம் ஒன்று என்று வைக்கலாம். காலை எண்ணுவதென்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள், கட்டு கிழக்கைப் பார்த்திருந்தால் காலையில் எல்லாமே கறுப்புப் பறவையாகத்தான் தெரியும், அங்கே பின்னேரக் கணக்கு நல்லது. பட்டமரம், பாறை, துருசுக் கட்டடம் என்று அடையாளம் வைத்துக் குளத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, எப்போதும் ஒரே திசையில் எண்ணிக்கொண்டு போங்கள், அப்போதுதான் பறந்து இடம் மாறியதை இரண்டு தரம் எண்ண மாட்டீர்கள். வெருளுகிற சாதியை முதலில் எண்ண வேண்டும். வாத்து இனங்கள் முதலில், கொக்கும் நாரையும் பிறகு. நீர்க்காகம் எங்கேயும் போகாது, கடைசியில் எண்ணலாம்.

மூன்றாவது, பறவையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுவது. கொப்பியில் ஒரு நாளின் தலைப்பு இப்படி இருக்கட்டும்: "இடம் 2. காலை 6.40 – 7.25. மூட்டம், வாடைக்காற்று லேசு. நீர்மட்டம் துருசுக் கம்பத்தில் பார்த்தது. வள்ளம் 3, அலைகரையில் மாடு நிறைய, நாய் 2. எண்ணியவர்கள் இருவர்." நீர்மட்டம் ஏன் என்றால், நம் பக்கத்தில் பறவையை அசைப்பது தண்ணீர். மாரி மழையில் குளம் நிரம்பினால் சேற்றோரம் மறைந்துவிடும், காலபோக வயல் எல்லாம் தண்ணீராகிவிடும், சின்னக் குளம், பள்ளம், படுகை எல்லாம் சாப்பாடு. பறவை பரவிப் போய்விடும், பெரிய குளத்தில் எண்ணிக்கை விழும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கும்போது மீன் ஒடுங்கும், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அங்கே வந்து குவியும். நீர்மட்டம் எழுதாத கொப்பியை வாசிக்கிறவர் ஜனவரியில் பறவை அழிந்துவிட்டது, செப்டெம்பரில் பெருகிவிட்டது என்று நினைப்பார். இரணைமடுவுக்குக் கீழே இது இன்னும் தெளிவாகத் தெரியும். கனகராயன் ஆறு அதை நிரப்பி, அதைக் கடந்து சுண்டிக்குளம் நீரேரியில் போய் விழுகிறது. மேலே வான்கதவு திறந்தால் கீழே நீரேரியின் சேற்றுத்திட்டுகள் தாழும், நேற்று ஆயிரக்கணக்கில் நின்ற உள்ளான் சாதி இன்று வேறெங்கோ போயிருக்கும். சுண்டிக்குளத்தில் எண்ணுகிறவர் இரணைமடுச் செய்தியையும் எழுத வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி அடையாளம். நிறத்தில் தொடங்க வேண்டாம். நிறம் வெளிச்சத்துக்கு மாறும், வயதுக்கு மாறும், இனப்பெருக்கக் காலத்துக்கு மாறும். அலகின் வடிவம், காலின் நீளம், நடை, எப்படிச் சாப்பிடுகிறது என்பதில் தொடங்குங்கள். கொக்கை எடுங்கள். ஊரில் எல்லாம் கொக்குத்தான், ஆனால் வெள்ளையாக நிற்பவற்றில் நான்கு சாதி கலந்திருக்கும். அலகு கறுப்பு, கால் கறுப்பு, சேற்றில் இருந்து காலைத் தூக்கும்போது விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாட்டோடு திரிகிற, கட்டைக் கழுத்தும் கட்டை மஞ்சள் அலகும் உள்ளது உண்ணிக்கொக்கு. சிக்கல் மற்ற இரண்டிலும் வரும், பெரிய கொக்கும் இடைத்தரக் கொக்கும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உயரம் காட்டிக்கொடுக்கும், தனியாக நின்றால் வாயின் பிளவுக்கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னுக்குப் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் இடைத்தரக் கொக்கு. பைனாகுலரில் இதைப் பார்க்க ஐம்பது அறுபது மீற்றருக்குள் நிற்க வேண்டும், அதற்கு அப்பால் நின்றால் "பெரியது அல்லது இடைத்தரம்" என்று எழுதிவிட்டுப் போங்கள். நத்தை குத்தி நாரையை அலகின் நடு இடைவெளியால் பிடிக்கலாம், ஆனால் குஞ்சுப்பருவத்தில் அந்த இடைவெளி இருக்காது, வரம்போரம் உடைந்து கிடக்கிற நத்தை ஓடுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

வாத்தில், பறக்கும்போது கழுத்தைத் தொங்கப்போட்டுச் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது சீழ்க்கைத் தாரா, வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மழைக்காலத்து விருந்தாளிகள், ஏப்ரலோடு போய்விடும். கட்டுக்கரைக்குளத்தில் ஆம்பல் இலைக்கு நடுவில் வெள்ளையாக மிதக்கிற மிகச் சின்ன வாத்துச் சோடி குள்ளத்தாராவாக இருக்கலாம். பெண் வாத்துகளைப் பற்றி முதல் வருடம் யோசிக்கவே வேண்டாம்.

உள்ளான், உப்புக்கொத்தி என்று வருகிற கடற்கரைச் சாதிதான் எல்லோரையும் கவிழ்க்கும். நெடுங்கால் உள்ளான் சுலபம், கால் சிவப்பு, குச்சி மாதிரி நீளம். கருவால் மூக்கனின் அலகு நேராக நீண்டிருக்கும், குதிரைமலைக் கோட்டானின் அலகு கீழே வளைந்து முகத்தைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கும், பச்சைக்காலியின் அலகு லேசாக மேலே தூக்கியிருக்கும். இவ்வளவும் ஒரு மாரிக்குள் பழகலாம். அதற்குக் கீழே சிட்டுக்குருவி அளவில் சேற்றோரம் ஓடித்திரிகிற சாம்பல் கூட்டத்தைப் பிரிக்க எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் இரண்டு மூன்று மாரி எடுத்திருக்கிறது. இதில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மன்னார்ப் பக்கத்து உப்புத்தரைகளில் ஓடித்திரிகிற ஒரு சின்ன உப்புக்கொத்தியை வெகுகாலமாகக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உள்வகை என்றே வைத்திருந்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் முட்டையிடுகிற அந்தப் பறவை தனி இனம் என்று 2023 இல் மரபணு, உடலளவு எல்லாம் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள், ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயர். குளிர்காலத்தில் வடக்கில் இருந்து வருகிற கென்டிஷ் அதோடு கலந்து நிற்கும். விஞ்ஞானிகளுக்கே இவ்வளவு காலம் எடுத்த இடத்தில், ஸ்கோப் (தூரப் பறவை பார்க்கிற தொலைநோக்கி) இல்லாமல் நிற்கிற உங்கள் குழு "சின்ன உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை, 140" என்று எழுதினால் அது கேவலம் இல்லை. ஜனவரிக் கணக்கெடுப்புப் படிவத்திலேயே இனம் தெரியாதவற்றுக்கு இடம் இருக்கிறது. தெரியவில்லை என்ற பத்தி ஒரு கொப்பியில் ஒருபோதும் நிரம்பவில்லை என்றால் நான் அந்தக் கொப்பியைச் சந்தேகப்படுவேன்.

மேர்லின் போன்ற, பறவையின் பெயர் சொல்கிற ஆப் பற்றியும் கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், நல்லது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் படம் உதவும். ஆனால் அது சொல்வது ஒரு பரிந்துரை. படத்தையும் அது சொன்ன பெயரையும் வைத்து, எந்த அடையாளத்தால் அது இந்தப் பறவை என்று நீங்கள் வாயால் சொல்ல முடிந்தால் எழுதுங்கள், "ஆப் சொன்னது" என்பது காரணம் ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயர் சொல்ல மற்றப் பத்துப்பேரும் கைதட்டுகிற பழக்கத்தையும் தொடக்கத்திலேயே நிறுத்துங்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று: ஒரே இடத்தில் இரண்டு பேர், பேசாமல், தனித்தனியாக எண்ணி எழுதி முடித்த பிறகு ஒப்பிடுவது. வித்தியாசம் வரும், வரட்டும், இரண்டு எண்ணையும் அழிக்காமல் வையுங்கள். உங்கள் கணக்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்க்கிறவருக்குக் காட்டுவது அந்த வித்தியாசம்தான், நம்பிக்கை அங்கிருந்துதான் வரும். யாராவது கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார் என்றால் போவதற்கு முன் புதியவரோடு சில மாதம் இப்படி இரட்டைக் கணக்கு எடுக்க வையுங்கள், நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

முதலை, நீர்நாய், பூனை பற்றி. நீர்நாயைப் பார்ப்பது அதிர்ஷ்டம், அதன் தடத்தைப் பார்ப்பது பழக்கம். வான் பாயும் இடத்துப் பாறையிலும் வாய்க்கால் கட்டிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சம் போடும். காய்ந்த எச்சத்தைக் குச்சியால் பிரித்தால் மீன் செதிலும் நண்டு ஓட்டுத் துண்டும் பளபளக்கும், மீன் வாடை அடிக்கும், கையால் தொட வேண்டாம். இலங்கையில் இருப்பது ஒரே ஒரு நீர்நாய் இனம்தான், ஆகவே எச்சம் உறுதி என்றால் இனமும் உறுதி. பூனையில் அப்படி இல்லை. மீன்பிடிப் பூனையின் கால் தடத்தையும் காட்டுப்பூனை, பெரிய வீட்டுப்பூனை தடத்தையும் தொண்டர்கள் பிரிக்கலாம் என்று நான் நம்பவில்லை, பிரித்து எழுதிக்கொண்டு வந்தாலும் ஏற்க மாட்டேன். ஆளைக் கண்டால் வேறு: உடம்பில் வரிசையாகப் புள்ளி, தடித்த உடல், கட்டை வால் என்றால் மீன்பிடிப் பூனை, புள்ளி இல்லாமல் நீண்ட காலோடு வால் நுனி கறுப்பு என்றால் காட்டுப்பூனை. ஏ-9 இலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் காலையில் அடிபட்டுக் கிடப்பவற்றைப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு பேனையை அளவுக்கு வைத்து, இடத்தைக் குறித்தால் அது பெறுமதியான பதிவு. உடலை எடுத்துக்கொண்டு வராதீர்கள், பாதுகாக்கப்பட்ட விலங்கின் பாகத்தை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். முதலையில், குளத்தில் வெய்யில் காய்வது பெரும்பாலும் குளத்து முதலை, அகன்ற முகம், தலைக்குப் பின்னால் கழுத்தில் நான்கு பெரிய செதில் எழும்பி நிற்கும். ஆற்று வாயிலும் கண்டல் பக்கமும் உள்ள உவர்நீர் முதலைக்கு அந்த நான்கும் இருக்காது, கண்ணில் இருந்து மூக்குப் பக்கம் இரண்டு வரம்பு ஓடும். இடத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம், குளத்து முதலை உவர்த்தண்ணீருக்கும் போகும். பகலில் குளக்கட்டில் நின்று எண்ணுங்கள். இரவில் டோர்ச் அடித்துக் கண் எண்ணுகிற முறை உண்டு, அது உங்கள் குழுவுக்கு வேண்டாம்.

கொழும்பில் அச்சடித்த எந்தக் கையேட்டிலும் இல்லாத பாடம் ஒன்று வன்னியில் முதல் பாடம், மிதிவெடி. நிலம் பெரும்பாலும் துப்புரவாகிவிட்டது, எல்லாம் முடிந்துவிடவில்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா உள்ள இடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான் பயப்படுவது பலகை இல்லாத இடத்துக்கு, பழைய காவலரண் வரிசை, மண் அணை, யாரும் மாடு கட்டாத பற்றை. வெள்ளம் மண்ணை அரித்துப் பழையதை வெளியே கொண்டு வரும். புதுப் பறவையைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள் இறங்குகிறவரை அடுத்த கணக்கெடுப்புக்குக் கூப்பிட வேண்டாம், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. மாடு மேய்க்கிறவர் தினமும் நடக்கிற ஒற்றையடிப் பாதை, குளக்கட்டு, வாய்க்கால் கட்டு, இவ்வளவுக்குள் நில்லுங்கள். போகும் இடங்களைக் கிராம அலுவலரிடமும் அந்தப் பகுதியில் வெடி அகற்றுகிறவர்களிடமும் முன்கூட்டியே கேளுங்கள். எதையாவது கண்டால் தொடாமல், வந்த அடியில் திரும்பி வந்து பொலிஸ் 119 க்குச் சொல்லுங்கள். இதோடு சேர்த்து, பைனாகுலரும் கொப்பியுமாக ஒரு முகாம் பக்கம் நின்றால் கேள்வி வரும், பிரதேச செயலகத்தில் இருந்து ஒரு கடிதம் வாங்கி எல்லோர் ஃபோனிலும் வைத்திருங்கள், முகாமுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சுண்டிக்குளம் 2015 இல் இருந்து தேசிய பூங்கா, அங்கே வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. சேற்றிலும் வயலிலும் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஒரு நிஜமான ஆபத்து, காலில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம், முன்கூட்டியே மருந்து தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். புடையன் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குளத்துக்குள் மரத்தில் நாரையும் நீர்க்காகமும் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தால் வள்ளத்தில் கிட்டப் போய் எண்ணாதீர்கள். தாய் எழும்பினால் வெய்யிலில் முட்டை கெடும், காகம் காத்துக்கொண்டு இருக்கும். குளக்கட்டில் இருந்து கூட்டை எண்ணினால் போதும், அந்தப் படத்தை இடத்தோடு பேஸ்புக்கில் போடவும் வேண்டாம். தங்கூசி வலையில் மாட்டிய பறவை, வேட்டைக்காரர், முதலைக்குச் சுருக்கு, இப்படி எதையாவது கண்டால் எழுதுங்கள், படம் எடுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். அதே ஊரில்தான் நாளைக்கும் இருக்க வேண்டும், அந்த மீனவர்தான் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லப்போகிறவர்.

உங்கள் குழுவில் மீன்பிடிக்கிறவர்கள் இருப்பது பெரிய வாய்ப்பு. எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, நீர்நாய் எந்தப் பக்கம் வலையைக் கிழிக்கிறது, முதலை எங்கே முட்டையிடுகிறது என்று ஏ.எல். முடித்தவருக்கு அவர்தான் காட்ட வேண்டும். ஆனால் கண்டதையும் கேட்டதையும் ஒரே பத்தியில் எழுத வேண்டாம். "இன்று நாங்கள் கண்டது" ஒரு பக்கம், "இன்னார் சொன்னது, அவர் கண்டது எப்போது" இன்னொரு பக்கம். "முந்தி ஆயிரக்கணக்கில் வரும், இப்போது இல்லை" என்று வயதானவர்கள் சொல்வார்கள். அதை மதித்து எழுதி வையுங்கள், அதையே உங்கள் அறிக்கையின் முடிவாகப் போடாதீர்கள்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதும் இதே மாதிரித்தான். ஒரு வருடம் முழுக்க எண்ணினால் எந்த இனம் எந்த மாதத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஐந்தாறு வருடம் ஒரே மாதிரி எண்ணினால் கூடுகிறதா குறைகிறதா என்று பேசத் தொடங்கலாம். இரண்டு வருடத்தை வைத்து "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று பத்திரிகைக்குச் சொன்னால், அடுத்த வருடம் மழை மாறி எண்ணிக்கை எகிறும்போது உங்கள் முகத்தில் அடிக்கும். குறைந்ததற்குக் காரணம் பூச்சிமருந்தா, வலையா, ஆகாயத்தாமரையா, இல்லை அந்தப் பறவை கோடையில் போய் இனப்பெருக்கம் செய்கிற மத்திய ஆசியாவில் நடந்த ஏதோ ஒன்றா என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. அதற்கு வேறு ஆய்வு வேண்டும், உங்கள் எண்ணிக்கை அந்த ஆய்வைக் கேட்பதற்கான காரணத்தைத் தரும், அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்ட சின்னக் கேள்விகள். பயிற்சி எத்தனை நாள் என்றால், எண்ணவும் எழுதவும் இரண்டு சனி ஞாயிறு போதும், வழக்கமாகக் காண்கிற இருபத்தைந்து முப்பது இனத்துக்கு ஒரு மாரி, மற்றது மெதுவாக வரும். பைனாகுலர் 8x42 வாங்குங்கள், 10 உருப்பெருக்கத்தைக் கையில் பிடித்தால் ஆடும், பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு தேவையில்லை, நான்கு போதும். காசு சேர்ந்தால் அடுத்தது முக்காலியோடு ஒரு ஸ்கோப், வவுனிக்குளம் அளவுக் குளத்தில் அது இல்லாமல் நடுத்தண்ணீர் தெரியாது. புத்தகம், இலங்கைப் பறவைகளுக்கென்று வந்த, படம் வரைந்த களக் கையேடு எதுவானாலும் சரி, இந்தியா முழுக்க அடக்கியது வேண்டாம், இங்கே வராத பறவை எல்லாம் அதில் ஆசை காட்டும். கணக்கை ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள், கண்ட எல்லா இனத்தையும் எழுதிய முழுப்பட்டியலாக. கொப்பியையும் பத்திரமாக வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு பேரிடம் வையுங்கள். ஜனவரிக் கணக்கெடுப்பில் சேர, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இயங்குகிற களப் பறவையியல் குழுவுக்கு எழுதுங்கள், 1976 இல் இருந்து இயங்குகிறார்கள். எழுதும்போது ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை நீங்கள் எடுத்த கணக்கை, இரண்டு பேரின் வித்தியாசத்தோடும் தெரியவில்லை என்ற பத்தியோடும், அப்படியே இணைத்து அனுப்புங்கள்.